பழைய டீவிப் பெட்டியும் போடாத கோடும்

அந்தப் பெட்டி என் கணவரின் த்ரீவீல் ஆட்டோவில், பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. சீகிரியாவில் ஒரு பழைய கெஸ்ட் ஹவுஸை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். உள்ளே இருந்த சாமான்களை எல்லாம் முற்றத்தில் எடுத்துப் போட்டிருந்தார்களாம். சவாரிக்கு, இவர் சொல்கிற ஹயருக்கு, போன இடத்தில் இவர் கண்ணில் இது பட்டிருக்கிறது. அந்த கெஸ்ட் ஹவுஸ்காரர் இவருக்கு நெடுநாள் பழக்கம். "வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றிருக்கிறார். இவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

நாலு கால் வைத்த மரப்பெட்டி அது. அந்தக் காலத்தில் டீவியே இப்படிப் பெட்டியோடுதான் வரும். இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து நடுவில் சாத்துகிற கதவு. மெல்லிய மரச் சட்டங்களைத் துணியில் வரிசையாக ஒட்டிச் செய்தது. திறக்கும்போது வளைந்து பக்கவாட்டில் உள்ளே போய்விடும். கதவைத் திறந்தால் இடப்பக்கம் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கண்ணாடித் திரை. வலப்பக்கம் சேனல் திருப்புகிற இரண்டு பெரிய திருகு. அதற்குக் கீழே, சத்தம் வருகிற இடத்தை மூடிய மஞ்சள் நூல் துணி. வார்னிஷ் கறுத்துப் போயிருந்தது.

"இத வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"மீடியா சென்டர்" என்றார். அந்த வார்த்தையை அவர் முன்பே பல தடவை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சரளமாக வந்தது.

கொழும்பில் வேலை செய்கிற எங்கள் மகள் முப்பத்திரண்டு அங்குல டீவி ஒன்றை வாங்கி அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது அட்டைப் பெட்டியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. எங்கள் முன்னறைச் சுவர் மழைக்கு ஈரம் குடித்துப் பொரிந்து கிடந்தது. ஆணி அடித்தால் சுண்ணாம்போடு கையில் வந்தது. மேசையில் வைக்கலாம் என்றால் மேசை முழுவதும் என் பாடசாலைக் கொப்பிகள். இவர் போனில் யாரோ பழைய டீவிப் பெட்டிகளைப் புதிதாக்குகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பழைய டீவியைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பது. கீழே டிஷ் பெட்டி, இன்டர்நெட் ரௌட்டர், மகள் டீவியோடு அனுப்பிய நீளமான ஸ்பீக்கர். எல்லா வயரும் பின்னால். கதவைச் சாத்தினால் ஒன்றும் வெளியே தெரியாது.

நான் பலாபத்வலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு நாலந்தாவில். கல்யாணத்துக்கு முன்னால் நான் போய்வந்த பஸ்ஸில் இவர் கண்டக்டராக இருந்தார். அப்போது என்னை டீச்சர் என்று கூப்பிட்டவர், மகள் பிறந்து வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். பஸ் வேலையை விட்ட பிறகு த்ரீவீல் வாங்கினார். நாலந்தா கெடிகே என்கிற பழைய கல் கோயிலைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களைத் தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் கொண்டுபோய் விடுவது அவர் தொழில். காலையில் என்னை மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குப் போவார்.

ஆகஸ்ட் விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். முதலில் மாத்தளையிலிருந்து ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். பழைய டீவியின் குழாயில் கரண்ட் தேங்கியிருக்கும், தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அவரே உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றிக்கொண்டு போனார். பெட்டி காலியானதும் உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். தூசியும் பழைய பிளாஸ்டிக் வாசமும், ஒரு பல்லி முட்டை ஓடும்.

புது டீவியின் அகலம் எழுபத்து மூன்று சென்டிமீற்றர். பெட்டிக்கு உள்ளே எழுபத்தாறு இருந்தது. ஆனால் திரைக்கும் திருகுகளுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பலகை நின்றது. அதை அறுத்தெடுத்தால்தான் டீவி உள்ளே போகும்.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களத் தச்சர் இருக்கிறார். பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். எழுபது வயதாகிறது. வேலி ஓரமாக வந்து நின்று பெட்டியைப் பார்த்தார். சிங்களத்தில் சொன்னார்: "தம்பி, என்கிட்ட குடு. ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சுத் தாறேன்."

"இல்ல பாஸ், நானே செஞ்சு பாக்கணும்" என்று சொல்லி, இவர் அவரிடம் ரம்பமும் ட்ரில்லும் மட்டும் இரவல் வாங்கினார்.

இவர் கைவேலையில் கெட்டிக்காரர். த்ரீவீலின் சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அதனால் நான் கொஞ்சம் சாமான் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முதல் நாளிலிருந்தே வேலை கோணலாகப் போனது. அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "நம்பர நீ வாசி டீச்சர், கண்ணாடிய வண்டியில வச்சிட்டேன்" என்பார். கழற்றிய ஸ்குரூக்களைக் கீழே வைத்துவிட்டு, தன் இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடப்பதைத் தேடுவார். "கண்ணு முன்னாடி இருக்குங்க" என்று நான் எடுத்துக் கொடுப்பேன். ஸ்குரூ ட்ரைவர் ஸ்குரூவின் தலையில் உட்காமல் வழுக்கி மரத்தைக் கீறும். பின்பலகையில் வயர் போக நான் அடையாளம் வைத்த இடத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி ஓட்டை போட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கவனம் எங்க இருக்கு உங்களுக்கு? போன்ல வீடியோ பாத்தா மட்டும் வேல வராது."

அவர் ட்ரில்லை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்கிறவர் பேசாமல் போனது எனக்கு வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

நடுப்பலகையை அறுக்க வேண்டிய நாள் வந்தது. காலை பத்து மணி இருக்கும். கதவு வழியாக வெயில் முன்னறைக்குள் நன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. "நீ கோடு நேரா போடுவே. போட்டு வை, நான் தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்று பென்சிலையும் அடிமட்டத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் குனிந்து மட்டத்தை வைக்கப் போன நேரம் மகள் கூப்பிட்டாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவளோடு பேசிக்கொண்டே நின்றேன். பேசி வைத்ததும் இவர் வந்துவிட்டார்.

பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்தைப் பலகைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நல்லா நேரா போட்டிருக்கே" என்றார். ரம்பத்தை எடுத்துப் பலகையில் வைத்தார்.

பலகையில் கோடே இல்லை. பென்சில் என் கையில்தான் இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. ரம்பத்தின் பல்லைக் கட்டைவிரலால் தடவி, அது எங்கே வர வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இன்னும் கோடு போடலங்க" என்றேன்.

அவர் கை நின்றது. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட் பத்தல" என்றார்.

"வெயில் உங்க முதுகுல விழுது."

அவர் எழுந்தார். உள்ளே போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அந்த இடியும் புதிதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருடம் முழுவதும் இடித்துக்கொண்டுதான் இருந்தார். நிலை ஒடுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறோம்.

"பதினொரு மணிக்கு ஹயர் இருக்கு. ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சாவியை எடுத்தார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன சொல்லி நிறுத்துவது என்றும் தெரியவில்லை. வண்டி ஒழுங்கையில் திரும்பி மெயின் ரோட்டுக்கு ஏறுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவர் திரும்பி வரும்வரை நான் ஒரு வேலையும் செய்யவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் ஹோர்ன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஒழுங்கை முனை வரை போய்ப் பார்த்தேன். வகுப்பில் கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிற பிள்ளைகளை நான் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். முன் வாங்குக்கு மாற்றுவேன். பெற்றோருக்குக் கடிதம் எழுதுவேன். இவரோடு தினமும் ஒரே கட்டிலில் படுத்து எழும்புகிறேன். அவர் வண்டியின் பின் சீட்டில் தினமும் உட்கார்ந்து போகிறேன். எனக்குத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அவர் குளிக்கப் போன பிறகு நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கம் முன்னாலிருந்து பின்வரை மூன்று நான்கு கீறல்கள். இடப்பக்கக் கண்ணாடி ஒரு தடவை உடைந்து, வேறு வண்டியின் கண்ணாடி மாட்டியிருந்தது. ஸ்டாண்டில் யாரோ இடித்துவிட்டார்கள் என்று அப்போது சொல்லியிருந்தார்.

சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் சாவியைத் தேடினார். ஆணியில் தடவினார், மேசையில் தடவினார். அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"சாவி என்கிட்ட இருக்கு" என்றேன். "எந்தக் கண்ணு?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்தார்.

"இடது" என்றார். "ஒரு வருசமா திரை போட்ட மாதிரி. வலதுலயும் ஓரம் எல்லாம் இல்ல. நேரா பாத்தா தெரியும்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்ட விடுவியா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே மேலே பேசினார். ரோடு மனப்பாடம் என்பதால் சமாளித்தாராம். மெதுவாக, நடுக்கோட்டை ஒட்டியே ஓட்டினாராம். இருட்டு விழுந்த பிறகு ஹயர் எடுப்பதில்லையாம். எனக்கும் அது தெரியும். முதுகுவலி என்று சொல்லியிருந்தார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, பலாபத்வலையில, ஸ்கூல் விட்ட நேரம்" என்றார். "இடப்பக்கம் ஒரு புள்ள ரோட்டுல எறங்கினது எனக்குத் தெரியவே இல்ல. சட்டைக் கை வண்டியில பட்டுச்சு. அவ்வளவுதான். புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அது சிரிச்சிக்கிட்டு ஓடிருச்சு. நான் கொஞ்ச தூரம் போய் நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்."

அது என் வகுப்புப் பிள்ளையாகக் கூட இருந்திருக்கலாம்.

"அதுக்குப் பொறகு பாதி ஹயர விட்டுட்டேன். வீட்டுல இருக்க ஒரு வேல வேணும்ல. அதான் அந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்தேன்."

முதலில் மாத்தளை ஆஸ்பத்திரி கண் கிளினிக். பிறகு அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கிண்ணம் மாதிரி இருக்கும் ஒரு வெள்ளைக் கருவிக்குள் முகத்தை வைத்து, நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி வரும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நான் அதே அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணைப் பார்க்கும்போது டிக், டிக் என்று கேட்டது. நடுவில் சில இடைவெளி. இடது கண்ணுக்கு மாற்றிய பிறகு பொத்தான் சத்தம் கேட்கவே இல்லை. எனக்குப் புள்ளிகள் தெரியாது. ஆனால் அந்த அமைதிக்குள் அவை வந்து வந்து போய்க்கொண்டிருந்தன என்று தெரியும். ஒரே ஒரு தடவை டிக் என்றது. அது தெரிந்துதான் அமுக்கினாரா, சும்மா அமுக்கினாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

டொக்டர் சின்ன வயதுப் பெண். சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. போனது திரும்பி வராது. சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டு வந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது. பிள்ளைகளுக்கும் வரக்கூடியது, அதனால் மகளைப் பரிசோதிக்க வேண்டும்.

"ஏதாவது கேக்கணுமா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் யோசித்துவிட்டு, "டீவி பாக்கலாமா?" என்று கேட்டார்.

டொக்டர் சிரித்துவிட்டார். "பாருங்க. கிட்ட உக்காந்தே பாருங்க. அதனால கண்ணு கெடாது" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் அவருடைய இடப்பக்கமாக மாறி நடந்தேன். அவர் அதைக் கவனித்தார்.

மகளிடம் போனில் சொன்னபோது அழுதாள். பிறகு இரண்டு பேரையும் திட்டினாள். அந்த வாரமே போய்ப் பரிசோதித்தாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. வருடம் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் நன்றாக இருக்கவில்லை. ஸ்டாண்டில் கூட இருந்த இன்னொரு டிரைவர் வண்டியை எடுத்து ஓட்ட ஒத்துக்கொண்டார். அவர் வந்து ஓட்டிக்கொண்டு போன அன்று இவர் சீட்டைத் துடைத்து, முன் கண்ணாடியைத் துடைத்து, பிரேக் கொஞ்சம் ஆழமாகப் பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார். பிறகு கட்டிலில் போய்ப் படுத்தார். பல நாள் படுத்தே கிடந்தார். சோற்றில் உப்பு இல்லை என்பார், உப்பு கூட என்பார். நான் சொட்டு மருந்து போடப் போனால், "எனக்குப் போடத் தெரியும்" என்று பிடுங்கிக்கொள்வார். போட்டது கன்னத்தில் வழியும். பாடசாலை தொடங்கியிருந்தது. நான் மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறினேன். அந்தக் கொஞ்ச தூரம் எங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டமாக இருந்தது. அதனால் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பெட்டி முன்னறையில் வாய் திறந்தபடி நின்றது. நான் திருத்தாத கொப்பிகளை அதற்குள் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும், கொப்பிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். பாடசாலையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சோக்கால் அந்த நடுப்பலகையில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தடிப்பாகக் கோடு போட்டேன். அவரைக் கூப்பிட்டேன். எழும்பி வர மனமில்லாமல் வந்தார்.

"இப்ப கோடு இருக்கு" என்றேன்.

குனிந்து வலது கண்ணால் பார்த்தார். பிறகு விரலால் தடவினார். விரலில் சோக்குத் தூள் ஒட்டியதைப் பார்த்தார்.

"கீழ உள்ளது கோணுது" என்றார்.

உண்மையிலேயே கோணியிருந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

"நீ அறு. நான் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

என் வாழ்க்கையில் நான் ரம்பம் பிடித்ததில்லை. பாதிப் பலகைக்கு ஒரு மணித்தியாலம் ஆனது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாஸ் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். "டீச்சர், இழுக்கும்போது அமுக்காதீங்க. தள்ளும்போது அமுக்குங்க" என்றார். ரம்பத்தை வாங்க அவர் கை நீட்டவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பலகை கழன்று வந்ததும் பெட்டியின் மேல்தட்டு நடுவில் கொஞ்சம் இறங்கியது. கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. நான் கையைத் தலையில் வைத்துக்கொண்டேன். இவர் கதவு ஓடுகிற பள்ளத்தில் விரலை விட்டு மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். "இங்கதான் பிடிக்குது" என்று ஒரு இடத்தில் நிறுத்தினார். என் கண்ணுக்கும் பாஸ் கண்ணுக்கும் அங்கே ஒன்றும் தெரியவில்லை. பாஸ் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையைக் கொண்டுவந்து மேல்தட்டுக்கு அடியில் ஸ்குரூ போட்டு இறுக்கினார். கதவு ஓடியது.

அதற்கப்புறம் வேலை பிரிந்துகொண்டது. அளப்பதும் கோடு போடுவதும் ஓட்டை போடுவதும் என் பங்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஸ்குரூ முடுக்குவது, வயர் கட்டுவது அவர் பங்கு. தேய்க்கிற வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வழவழப்பு எங்கே குறைகிறது என்று உள்ளங்கையை வைத்ததும் சொல்லிவிடுவார். சண்டையும் நடந்தது. பின்பலகையில் காற்றுப் போக நான் வரிசையாகப் போட்ட ஓட்டைகள் வரிசையாக இல்லை என்று அவர் சொல்ல, பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்க, ஒரு முழு மாலை பேசாமல் இருந்தோம்.

அந்த மஞ்சள் நூல் துணியை நான் துவைத்து எடுத்துக் கீழ்த்தட்டின் முன்னால் இழுத்துக் கட்டினேன். ஸ்பீக்கரும் டிஷ் பெட்டியும் அதற்குப் பின்னால். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ரிமோட் வேலை செய்யவில்லை. துணி மறைக்கிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது. டிஷ் பெட்டியை மேலே, டீவிக்குப் பக்கத்துச் சந்துக்குள் செருகப் பார்த்தோம், போகவில்லை. கடைசியில் துணியின் ஒரு ஓரத்தை வெட்டிவிட்டேன். அந்த இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வயர்களில் அவர் நூல் முடிச்சுப் போட்டார். டீவி வயருக்கு ஒரு முடிச்சு, டிஷ் பெட்டிக்கு இரண்டு, ஸ்பீக்கருக்கு மூன்று, ரௌட்டருக்கு முடிச்சு இல்லை. "நீ ஸ்கூல் போன நேரத்துல ஏதாவது கழண்டா நானே பாத்துக்குவேன்" என்றார். இப்போது ஏதாவது கழன்றால் நானும் முடிச்சைத்தான் எண்ணுகிறேன்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். வந்ததும் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர், "போதும் போதும், டீவியப் பாரு" என்று அவளைப் பெட்டி பக்கம் திருப்பினார். அவள் உட்கார்ந்து போனையும் டீவியையும் இணைத்து, இன்டர்நெட் போட்டு எல்லாவற்றையும் சரிசெய்தாள். பாஸையும் கூப்பிட்டோம். பலகாரத் தட்டோடு முன்னறையில் உட்கார்ந்தார்.

"என்ன போடட்டும் அப்பா?" என்று கேட்டாள்.

படமோ கிரிக்கெட்டோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இந்த வண்டி முன்னாடி கேமரா வச்சு ரோட்ட எடுப்பாங்கல்ல, அப்பிடி ஏதாவது நம்ம ரோட்டுல இருக்கா?"

அவள் தேடினாள். யாரோ ஒருவர் தம்புள்ளையிலிருந்து கண்டி வரை கார் ஓட்டியதை முழுவதுமாக எடுத்துப் போட்டிருந்தார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ரோடு மட்டும். இவர் கதிரையைப் பெட்டிக்கு நாலடி தூரத்துக்கு இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். படம் வலது கண்ணுக்கு நேரே இருந்தது. தம்புள்ளை மார்க்கெட் தாண்டியதும் பேசத் தொடங்கினார். இந்த வளைவுக்கப்புறம் ஒரு சின்னப் பாலம் வரும் என்பார், வரும். இந்த இடத்தில் காலையில் மாடு படுத்திருக்கும் என்பார். நாவுல என்கிற ஊர் வருவதற்கு முன்னால் ஒரு கடையைச் சொல்லி, அங்கே நல்ல தயிர் கிடைக்கும் என்றார். பாஸ் சிங்களத்தில், இல்லை, அந்தக் கடையை மூடி ஆறு மாதமாகிறது என்றார். இரண்டு பேரும் அதைப் பற்றி வாதாடினார்கள்.

எனக்குக் கண் கலங்கியது. அவருக்கு எதிரில் துடைத்தால் தெரியுமோ என்று ஒரு கணம் தயங்கினேன். நான் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தாராளமாகத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த மாதிரி வீடியோக்கள் நிறையப் பார்க்கிறார். யாழ்ப்பாணம் வரை, நுவரெலியா வரை, அவர் போகாத ஊர்களுக்கெல்லாம். பகலில் ஸ்டாண்டுக்கு நடந்து போய் வெள்ளைக்காரர்களோடு பேசி மற்ற டிரைவர்களுக்கு ஹயர் பிடித்துக் கொடுக்கிறார். சில நாள் கெடிகே வரை நடந்து கூட்டிக்கொண்டும் போகிறார். போன கிளினிக்கில் வலது கண் அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். அப்படியே இருப்பது நல்ல செய்தி என்று எங்களுக்குப் பழகிவிட்டது. எரிச்சல் வருகிற நாட்களும் உண்டு. அன்றைக்குப் பெட்டிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார். நானும் திறப்பதில்லை.

நேற்று மாலை நான் பக்கத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். படத்தில் ஒருவன் வளைவில் பஸ்ஸை முந்தினான்.

"மடையன், ஹோர்ன் கூட அடிக்கல" என்றார் இவர். கொஞ்ச தூரம் போனதும் நாலந்தாச் சந்தி வந்தது. ரிமோட்டைத் தடவி எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"டீச்சர், வண்டி நின்னுருச்சு. டீ குடிச்சிட்டுப் போவோம்."

நான் கொப்பியை மூடிவிட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனேன்.